‘ஓரிரு இடங்களில்’ என்றால் நம் தோட்டமும்தான்: கோடை இடிமழையை முன்கூட்டி அறிவது எப்படி?



32 வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் பூர்வீக நிலத்தில் இயற்கை விவசாயம் செய்கிறேன். ஊரில் இன்னும் ‘மேனேஜர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த மேனேஜருக்கு மேகம் சொல்லிக் கொடுத்த பாடம்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தோட்டத்தில் ஒரு ஏக்கர் நேந்திரன் போட்டிருந்தேன். ஆயிரத்துச் சொச்சம் மரம். சித்திரை மாதம், எல்லாம் தார் தள்ளி முற்றிக்கொண்டிருந்த நேரம். முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கழி வாங்கி வரப்பில் அடுக்கியாகிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்கிற அண்ணன் காலையில் கேட்டார்: “ஏனுங்க, கழி சும்மா கெடக்குதுங்க. இன்னிக்கே ஆள உட்டுக் கட்டீரலாமுங்களா?”

நான் போனை எடுத்துப் பார்த்தேன். ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை, மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் பலத்த காற்று’ என்று போட்டிருந்தது. “ஓரிரு இடம்னா மாவட்டத்துல எங்கயோ ரெண்டு இடமுங்க. நமக்கு வராது. திங்கக்கெழம கூலியாள் சல்லிசாக் கெடைக்கும், அப்பக் கட்டிக்கலாம்” என்றேன்.

சாயங்காலம் நாலரை மணிக்கு வடக்கே கருத்தது. காற்று பத்து நிமிடம்கூட அடித்திருக்காது. நடுவில் கொஞ்ச நேரம் ஆலங்கட்டியும் விழுந்தது. நின்றபோது 600 மரத்துக்கு மேல் தாரோடு சாய்ந்து கிடந்தது. கழிகள் மட்டும் அடுக்கியபடியே வரப்பில் இருந்தன. கிழக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தோட்டத்தில் ஒரு இலைகூடக் கிழியவில்லை.

அறிவிப்பு பொய்யில்லை. நான் அதைப் படித்த விதம்தான் தப்பு.

‘ஓரிரு இடங்களில்’ என்பதன் பொருள்

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரையிலான நிலையங்களில் மழை பதிவாகலாம் என்று பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 வரை. ரெண்டே ரெண்டு இடம் என்று அர்த்தமே இல்லை. அந்தக் கால் பங்குக்குள் யார் தோட்டம் வரும் என்று முந்தின நாளே யாராலும் சொல்ல முடியாது.

ஏன் முடியாது? இடிமேகம் ஒன்று பத்து, இருபது கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். பிறந்து வளர்ந்து கொட்டித் தீர்த்துக் கரைய, பெரும்பாலும் ஒரு மணி நேரம் போதும். புயல் அப்படி இல்லை, கடலில் நாலு நாள் வளர்ந்து வருகிறது. அதற்குப் பெயர் வைத்துப் பின்தொடரலாம். கோடை இடிமேகம் மத்தியானம் பிறந்து சாயங்காலம் செத்துவிடும். கொதிக்கிற உலையில் குமிழி எழும் என்று உறுதியாகச் சொல்லலாம். எந்த இடத்தில் எழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான்.

மேகம் வளர மூன்று ஆவணம் வேண்டும்

வங்கியில் கடன் மனு வந்தால் பத்திரம், வருமானம், ஜாமீன் மூன்றும் பார்ப்போம். ஒன்று குறைந்தாலும் மனு திரும்பிவிடும். இடிமழைக்கும் அப்படி மூன்று உண்டு.

முதலாவது, கீழ்க்காற்றில் ஈரம். வங்காள விரிகுடா பக்கமிருந்தோ அரபிக்கடல் பக்கமிருந்தோ ஈரக்காற்று உள்ளே வரவேண்டும். வெறும் வறண்ட வெயில் 40 டிகிரி அடித்தாலும் மழை வராது.

இரண்டாவது, கீழே சூடு, மேலே குளிர். சூடான காற்று எடை குறைந்து மேலே ஏறும். ஏறும்போது குளிர்ந்து, அதிலிருக்கும் நீராவி துளியாகும். நீராவி துளியாகும்போது அடக்கி வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். சுற்றியிருக்கிற காற்று எவ்வளவு குளிர்ச்சியோ, அவ்வளவு வேகமாக மேகம் வளரும். மதியம் ரெண்டு மணிக்கு மேல் இடிமழை வருவது இதனால்தான். தரை நன்றாகச் சூடேறும் நேரம் அது.

மூன்றாவது, தூண்டுதல். அடுப்பில் விறகு இருந்தாலும் பற்றவைக்க ஒரு குச்சி வேண்டும். மலைச்சரிவில் காற்று மோதி ஏறுவது, கடற்காற்று உள்ளே நுழைவது, மேற்குக் காற்றும் கிழக்குக் காற்றும் சந்திப்பது, பக்கத்தில் பெய்த மழையின் குளிர்காற்று வந்து தள்ளுவது என எது வேண்டுமானாலும் அந்தக் குச்சியாகலாம். அறிக்கையில் ‘காற்று சந்திப்பு’ என்றோ ‘வளிமண்டல கீழடுக்கு சுழற்சி’ என்றோ வந்தால் நெருப்புக்குச்சி தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றும் இருந்தால் மழை. இதோடு, கீழே ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையிலும் வேகமாகக் காற்று அடித்தால் மேகம் சாய்ந்து வளரும். கொட்டுகிற மழை ஏறுகிற காற்றை அணைக்காது. அந்த மேகம் நீண்ட நேரம் உயிரோடு இருந்து அதிகச் சேதம் செய்யும்.

ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் எங்கிருந்து வருகின்றன?

நம் பகுதியில் சுமார் 5 கி.மீ. உயரத்துக்கு மேல் போனால் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போய்விடும். பெரிய இடிமேகம் 12, 15 கி.மீ. வரை நிற்கும். ஏறுகாற்று துளிகளை அந்த உறைகிற உயரத்துக்குத் தூக்கிப் போகும். அங்கே சின்னப் பனித்துகள் மேல் குளிர்ந்த நீர்த்துளிகள் ஒட்டி ஒட்டி உறைந்து பெரிதாகும். ஏறுகாற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் கீழே விழும். ஏறுகாற்று எவ்வளவு பலமோ, ஆலங்கட்டி அவ்வளவு பெரிது.

சமவெளியில் நமக்கு ஆலங்கட்டி அபூர்வமாக விழுவதற்குக் காரணம், 5 கி.மீ. சூடான காற்றைக் கடந்து வரும்போது சின்னக் கட்டிகள் உருகிவிடும். நீலகிரி, ஓசூர், கொடைக்கானல் மாதிரி உயரமான இடங்களில் கடக்கவேண்டிய தூரம் குறைவு, அதனால் அங்கே அதிகம்.

உருகிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. பனி உருகவும் மழைத்துளி ஆவியாகவும் வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தக் காற்று திடீரென்று குளிர்ந்து கனமாகி, மழையோடு சேர்ந்து பொத்தென்று கீழே விழும். தரையில் மோதியதும் நாலாபக்கமும் சிதறும். வாளித் தண்ணீரைக் களத்தில் கொட்டினால் சிதறுகிற மாதிரி. இதுதான் வாழையைச் சாய்க்கிற காற்று.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். காற்று மரத்தைத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 40 கி.மீ. காற்று 60 ஆனால், வேகம் ஒன்றரை மடங்குதான். தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு. தார் தள்ளிய வாழை தலைப்பாரத்தோடு நிற்கிறது. முன்னதைத் தாங்கும், பின்னதில் விழும்.

அறிவிப்பை எப்போது, எப்படிப் பார்ப்பது?

நான் மூன்று வேளை பார்க்கிறேன்.

முதல் நாள் இரவு, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை. மாவட்ட வாரியாக நிறம் இருக்கும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. ‘மழை’ என்ற சொல்லைவிட ‘பலத்த காற்று’, ‘சூறைக்காற்று’, ‘ஆலங்கட்டி’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

காலையில், ‘மேகதூத்’ செயலி. மாவட்டத்துக்கான வேளாண் வானிலைக் குறிப்பு தமிழில் வரும். மருந்து தெளிப்பு, அறுவடை, காயப்போடுவது எல்லாவற்றுக்கும் இது போதும்.

மதியம் ஒரு மணிக்கு மேல், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கை. இடிமழைக்கு அதிகம் பயன்படுவது இதுதான். பிறந்துவிட்ட மேகத்தைச் செயற்கைக்கோளிலும் ரேடாரிலும் பார்த்துச் சொல்வது. இதில் காற்று மணிக்கு 40 கி.மீ.க்குக் கீழே என்றால் லேசானது. 41 முதல் 61 வரை மிதமானது. 62 முதல் 87 வரை கடுமையானது. அதற்கு மேல் மிகக் கடுமையானது. ‘மிதமானது’ என்று படித்து ஏமாற வேண்டாம். வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் பந்தல் காய்கறிக்கும் மிதமே அதிகம்.

ரேடார் படம் பார்க்கத் தெரிந்தவர்கள், நிற அளவில் 50 டி.பி.இசட்டைத் தாண்டிய திட்டு இருந்தால் உஷாராகுங்கள். கொட்டும் மழையோ ஆலங்கட்டியோ அதில் இருக்கலாம். மேற்கு மாவட்டத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேடாரிலிருந்து தூரம் கூடக்கூட அதன் கதிர் உயரே போய்விடும், மலையும் மறைக்கும். படத்தில் வெளிறித் தெரிவதால் மேகம் சின்னது என்று எண்ணக்கூடாது. மின்னலுக்குத் ‘தாமினி’ செயலி இருக்கிறது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கி.மீ.க்குள் மின்னல் விழுவதைக் காட்டும்.

நம் கண்ணும் ஒரு கருவிதான்

போனில் சிக்னல் இல்லாத தோட்டம் நிறைய. அதனால் வானத்தைப் படிக்கவும் பழக வேண்டும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது ஈரத்தைச் சொல்லும், காற்றைச் சொல்லாது. நான் கவனிப்பது இவை.

காலையில் உப்பு ஜாடி கசிந்திருக்கிறதா, மண்பானைத் தண்ணீர் சில்லென்று இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பானைத் தண்ணீர் ஆவியாகாது, குளிராது. முதல் ஆவணம் வந்துவிட்டது.

எட்டு, ஒன்பது மணிக்கு நடுவானத்தில் கோட்டைச் சுவர் மேல் பல் பல்லாக இருக்கிற மாதிரிச் சின்ன மேகங்கள் வரிசையாக நின்றால், மேலே உள்ள காற்றும் நிலையில்லாமல் இருக்கிறது. இரண்டாவது ஆவணம்.

மதியம் வெண்பஞ்சு மேகங்கள் அகலத்தைவிட உயரமாக வளர்ந்து, ஓரம் காலிஃபிளவர் பூ மாதிரி கெட்டியாக, தெளிவாகத் தெரிந்தால் ஏறுகாற்று பலமாக இருக்கிறது. ஓரம் பிசிறடித்துக் கலங்கினால் அந்த மேகம் தளர்கிறது. உச்சி தட்டையாகி, கொல்லர் பட்டறைக் கல் மாதிரி ஒரு பக்கம் நீண்டால் அது முழு இடிமேகம்.

நம் பக்கம் வருகிறதா? வாசலில் ஒரே இடத்தில் நின்று, மேகத்தின் கருத்த அடிப்பகுதியை ஒரு தென்னையோடோ மின்கம்பத்தோடோ சேர்த்துப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள். இடமோ வலமோ நகர்ந்திருந்தால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். நகராமல் பெரிதாகிக்கொண்டே இருந்தால் நேராக நம் மேல் வருகிறது. எங்கள் நேந்திரன் விழுந்த அன்று அது கடைசி வரை அதே தென்னைக்கு மேலேயே நின்றதை நான் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பொருள் தெரியவில்லை.

கடைசி அடையாளங்கள்: அடிக்கிற காற்று சட்டென்று நின்று போகும். மேகத்துக்கு முன்னால் சுருட்டிய பாய் மாதிரி தாழ்ந்த கருமேகம் உருண்டு வரும். தூரத்தில் புழுதி எழும். பிறகு மேகத்தின் பக்கமிருந்து சில்லென்று காற்று அடிக்கும். ‘ஆகா, குளுகுளுன்னு இருக்குது’ என்று நிற்காதீர்கள். அதுதான் விழுந்து சிதறிய காற்றின் முன்வரிசை. இனி நிமிடக் கணக்குதான்.

எந்த எச்சரிக்கைக்கு எந்த வேலை?

முந்தின நாள் ஆரஞ்சு என்றால்: வேக வைத்த மஞ்சள், எள், மிளகாய் காயப்போடுவதைத் தள்ளிவையுங்கள், அல்லது தார்ப்பாயைக் களத்திலேயே வையுங்கள். பஞ்சகவ்யா, மீன் அமிலம் தெளிப்பதை நிறுத்துங்கள், கழுவிக்கொண்டு போய்விடும். வாழைக்கு அன்று நீர் பாய்ச்ச வேண்டாம். ஈரமண்ணில் வேர்ப்பிடி தளரும். முற்றிய தாரை வெட்டிவிடலாம்.

மூன்று மணி நேரம் என்றால்: வடிகால் வாயைத் திறந்துவிடுங்கள். தகரக் கூரை, நாற்றங்கால் நிழல்வலையை இறுக்கிக் கட்டுங்கள். மரத்தடியில் கட்டிய மாட்டை அவிழ்த்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோங்கள்.

அரை மணி நேரம் என்றால்: ஆட்களை மட்டும் பாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஒன்று, ரெண்டு என்று எண்ணுங்கள். 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. எல்லோரும் கான்கிரீட் வீட்டுக்குள் போக வேண்டும். ஒற்றைப் பனை, தென்னை, திறந்த கொட்டகை, கம்பிவேலி எதுவும் ஆகாது. மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும். வாழை போனால் பக்கக் கன்று இருக்கிறது. ஆள் போனால்?

முட்டு எப்போது கொடுப்பது?

மேலே உள்ள பட்டியலில் முட்டுக் கொடுப்பது இல்லை, கவனித்தீர்களா? ஆயிரம் மரத்துக்கு ஒரே நாளில் கழி கட்ட முடியாது. அது அறிவிப்பைப் பார்த்துச் செய்கிற வேலையே இல்லை. பருவத்தைப் பார்த்துச் செய்கிற வேலை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு 600 மரம் செலவானது.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். நம் தோட்டத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் சூறைக்காற்று அடிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. அற்பம்தான். ஆனால் பங்குனி, சித்திரையில் 60 நாளும் அந்தச் சீட்டுக் குலுக்கப்படுகிறது. 60 நாளில் ஒரு முறையாவது நம் பெயர் வர வாய்ப்பு நூற்றுக்கு 45. நான் ஒரு நாள் கணக்கைப் பார்த்து ‘நமக்கு வராது’ என்றேன். பார்த்திருக்க வேண்டியது பருவக் கணக்கு.

செலவையும் பார்ப்போம். ஒரு மரத்துக்குக் கழியும் கூலியும் 30 ரூபாய், தார் போனால் நட்டம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பிருந்தாலே கட்டுவது லாபம். முட்டு எல்லா மரத்தையும் காப்பாற்றாது, பாதியைத்தான் காப்பாற்றும் என்றாலும், ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புக்கு மேல் லாபம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். தார்ப்பாய் விரிப்பது மாதிரி செலவு குறைந்த வேலைக்கு மஞ்சள் எச்சரிக்கையே போதும். செலவு கூடிய வேலைக்குத்தான் யோசிக்க வேண்டும்.

அதைவிட நீண்டநாள் காப்பு உயிர்வேலி. மரவேலி தன் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைக் குறைக்கும். சுவர் மாதிரி அடைத்து நிற்கக்கூடாது. பாதிக்காற்று புகுந்து போகிற மாதிரி இருந்தால்தான் பின்பக்கம் சுழல் வராது. இடிமேகக் காற்று எந்தத் திசையிலிருந்தும் வரும். அதனால் நாலு பக்கமும் வேண்டும். நான் வெளிவரிசையில் சவுக்கும் கிளுவையும், உள்ளே அகத்தியும் வைத்திருக்கிறேன். அகத்தி ஆட்டுக்கும் ஆச்சு. அதைக் கவாத்துச் செய்யாமல் விட்டால் தானே முறிந்து வாழை மேல் விழும், கவனம்.

காப்பீடு எடுத்தவர்கள் பாலிசியில் காற்றுச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று முன்பே படித்துவிடுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மாதிரி ஒரு வயலை மட்டும் தாக்குகிற சேதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று சொல்லியாக வேண்டும். பணியில் இருந்தபோது வாழை விழுந்து கடன் கட்ட முடியாத ஒருவரின் தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். கோப்பில் ‘போதிய முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை’ என்று எழுதிவிட்டு வந்தேன். அவர் “பத்து நிமிசத்துல போயிருச்சுங்க சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது சாக்கு என்றுதான் அன்று நினைத்தேன்.

எங்கள் நேந்திரன் விழுந்த மறுநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்க்க வந்தார். நான் அவரிடம் முதலில் சொன்ன வார்த்தை, “பத்து நிமிசத்துல போயிருச்சுங்க மாமா.” அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “முக்கால் முத்தின தாரெல்லாம் சிப்ஸுக்குப் போவும், வெட்டி ஏத்து. மரத்தத் துண்டு போட்டு மூடாக்காப் போடு. கன்னு நல்லா இருக்குது பாரு” என்றார்.

அப்படியே செய்தேன். அந்தக் கன்றுகள் இந்தப் பருவம் தார் தள்ளியிருக்கின்றன. மாசி கடைசியிலேயே முட்டுக் கட்டி முடித்தாகிவிட்டது.

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, அறிவிப்பு என்ன சொன்னது, வானம் என்ன காட்டியது, நம் தோட்டத்தில் என்ன நடந்தது, இந்த நாலு கட்டம் போதும். மாவட்டத்துக்கு வருகிற அறிவிப்பை நம் வரப்புக்கு இறக்கித் தருவது அந்த நோட்டுதான்.